மினிமம் டியூ என்னும் பொறி: பெங்களூரில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு

கிரெடிட் கார்டை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு ரூபாய். 'மினிமம் டியூ' என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, மிச்சத்தைக் கட்டாமல் விட்டால் போகும் வட்டி, வரியோடு சேர்த்து, பல கார்டுகளில் மாதத்துக்கே நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல். ஊரில் 'நாலு வட்டி' என்று யாராவது பணம் கொடுக்க வந்தால் கந்துவட்டி என்று சொல்லி ஒதுங்கிப் போகிறவர்கள், அதே வட்டிக்கு வங்கியிடம் வாங்கியிருப்பதை அறியாமலே வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் அலுவலக வளாகங்களின் சாப்பாட்டுக் கூடங்களிலும் மால் வாசல்களிலும் 'லைஃப்டைம் ஃப்ரீ' என்று மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரிலிருந்து வந்து பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கி, முதல் இரண்டு மூன்று சம்பளம் வாங்கிய பிள்ளைகள்தான் அவர்களுடைய குறி. ஆண்டுக் கட்டணம் இல்லை, ஐநூறு ரூபாய் வவுச்சர் உண்டு என்பதைச் சொல்வார்கள். மாத வட்டி எவ்வளவு என்று நீங்களாகக் கேட்டால்தான் பதில் வரும். கேளுங்கள். பெரும்பாலான கார்டுகளில் அது 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. வரியோடு கிட்டத்தட்ட 50.

இதற்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்குமே என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது உண்மை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் உங்களைக் காப்பாற்றப் போவது நீங்கள் பில்லைப் படிக்கும் விதம் மட்டும்தான்.

பில்லில் இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று ஸ்டேட்மெண்ட் தேதி. அன்றுவரை செலவழித்ததைக் கூட்டி பில் போடுவார்கள். மற்றொன்று டியூ டேட், பணம் கட்டக் கடைசி நாள். இரண்டுக்கும் நடுவே பொதுவாக 18 முதல் 20 நாள் இருக்கும். ஸ்டேட்மெண்ட் மாதம் 15-ஆம் தேதி, டியூ டேட் அடுத்த மாதம் 4-ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16-இல் வாங்கிய பொருளுக்கு ஆகஸ்ட் 4-இல் பணம் கட்டினால் போதும். 49 நாள் வட்டியில்லாக் கடன். அதையே ஜூலை 15-இல் வாங்கியிருந்தால் 20 நாள்தான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற பெரிய செலவை ஸ்டேட்மெண்ட் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வது இதனால்தான் லாபம்.

சம்பளம் மாதக் கடைசியில் வருகிறவர்களுக்கு டியூ டேட் 4 முதல் 8-ஆம் தேதிக்குள் இருப்பது நல்லது. கையில் பணம் இருக்கும்போதே பில் கட்டி முடிந்துவிடும். 22, 25 என்று இருந்தால், வாடகையும் வீட்டுக்கு அனுப்பும் பணமும் போன பிறகு மிச்சத்தில் கட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் முதல் சறுக்கல். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பில் சுழற்சித் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கு உண்டு. செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ கேட்டு வாங்கலாம். மாற்றும் மாதத்தில் பில் சற்று நீண்டோ குறைந்தோ வரும். அந்த ஒரு மாதம் டியூ டேட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினிமம் டியூ என்ன செய்கிறது

பில்லில் இரண்டு தொகை இருக்கும். டோட்டல் டியூ 50,000, மினிமம் டியூ 2,500 என்று. மினிமத்தைக் கட்டிவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஏமாற்றம். மினிமம் கட்டினால் லேட் ஃபீ வராது, கடன் வரலாற்றில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அவ்வளவுதான். வட்டி நிற்காது.

கணக்கைப் பாருங்கள். ஜூன் 20-இல் 50,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குகிறார் ஒருவர். ஜூலை 15 பில். ஆகஸ்ட் 4-இல் மினிமம் 2,500 மட்டும் கட்டுகிறார். மிச்சம் 47,500. வட்டி ஆகஸ்ட் 4-இலிருந்துதான் ஓடும் என்று அவர் நினைக்கிறார். இல்லை. பொருள் வாங்கிய ஜூன் 20-இலிருந்தே ஓடும். அடுத்த பில் வரும் ஆகஸ்ட் 15 வரை 56 நாள். ஆண்டுக்கு 42 சதவீதத்தில் அந்த 56 நாளுக்கு வட்டி 3,061 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 551. மொத்தம் 3,612. ஆக, 2,500 கட்டிய பிறகும் அடுத்த பில்லில் பாக்கி 51,112 என்று வந்து நிற்கும். வங்கிக்கு வங்கி கணக்குப் போடும் முறையில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஆனால் போக்கு இதுதான்.

இன்னொரு அடி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதே இல்லை. பழைய பில்லில் பாக்கி இருக்கும்வரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லா நாள்கள் கிடையாது. ஜூலை 18-இல் அதே கார்டில் 8,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியிருந்தால், ஆகஸ்ட் 15 பில்லில் அந்த மளிகைக்கும் 28 நாள் வட்டி, வரியோடு 304 ரூபாய் ஏறும். பாக்கி இருக்கும் கார்டில் அரிசி பருப்பு வாங்கினாலும் முதல் நாளே வட்டிதான். 'ஒரு சதவீதம் கேஷ்பேக் வருதே' என்று அதே கார்டை வெளியே எடுப்பது, ஒரு ரூபாய்க்காக நாலு ரூபாய் கொடுப்பது.

இப்படியே தொடர்ந்தால் எங்கே போய் முடியும்? ஒரு லட்சம் பாக்கி, மாதம் அதில் 5 சதவீதம் மினிமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் கட்டும் 5,000-இல் 4,130 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் கழிவது 870 ரூபாய். புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இப்படிக் கட்டிக்கொண்டே வந்தாலும் பாக்கி பாதியாகக் குறைய ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதங்களுக்கும் வருடங்களுக்கும் நீளும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே கட்டாயமாக்கி இருக்கிறது. பில்லைத் திறந்து பார்த்தால் அந்த வரி இருக்கும்.

இதற்கான தீர்வு, செயலியில் ஐந்து நிமிட வேலை. ஆட்டோ டெபிட் போடுங்கள். போடும்போது 'டோட்டல் அமவுண்ட் டியூ', 'மினிமம் அமவுண்ட் டியூ' என்று இரண்டு தேர்வு வரும். மினிமத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணம் தானாகப் போகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. டோட்டலைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே திறந்து எது என்று சரிபாருங்கள். டியூ டேட்டுக்கு முந்தைய நாள் சேமிப்புக் கணக்கில் அந்தத் தொகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோ டெபிட் திரும்பியதற்குத் தனி அபராதம். கையால் கட்டுவதானால் இரண்டு மூன்று நாள் முன்பே கட்டிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்து போகும் பணம் சில நேரம் மறுநாள்தான் வரவு வைக்கப்படும்.

டியூ டேட் முடிந்து மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம், தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனத்துக்குச் சொல்லலாம் என்று ஒரு விதி இருக்கிறது. சர்வர் வேலை செய்யவில்லை, மறந்துவிட்டது என்ற நேரத்துக்கு அது உதவும். மூன்று நாள் கூடுதல் அவகாசம் என்று எண்ணி அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். வட்டியில்லாச் சலுகை டியூ டேட்டோடு போய்விடும்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்து ரீஃபண்ட் வர வேண்டியிருக்கும்போதும் ஒரு குழப்பம் வரும். டியூ டேட்டுக்கு முன் வந்த ரீஃபண்டைக் கட்ட வேண்டிய தொகையில் கழிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அது செயலியில் கழிந்து காட்டும்வரை நம்ப வேண்டாம். பில்லில் இருக்கும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். ரீஃபண்ட் வந்தால் அடுத்த பில்லில் குறையும்.

கார்டில் காசு எடுப்பது

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். வட்டியில்லா நாள் ஒன்றுகூட இல்லை. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. அது போக, எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது 300 முதல் 500 ரூபாய், எது அதிகமோ அது கட்டணம். அதற்கும் ஜிஎஸ்டி. மருத்துவமனை வாசலில் வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள். எடுத்தால் பில் வரும்வரை காத்திருக்காமல் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுங்கள்.

கார்டைத் தேய்த்துக் காசு கொடுக்கிறேன், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் கடைக்காரர்கள் ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. பொருள் விற்றதாகப் பொய் பில் போட்டுப் பணம் தருவார்கள். இது விதிமீறல். தெரிந்தால் வங்கி கார்டையே முடக்கும். அதைவிட மோசம், ஒரு கார்டின் பில்லைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்ப்பது. மாதம் இரண்டரை சதவீதம் கடைக்காரருக்குப் போகும், கடன் அப்படியே இருக்கும், ஒரு மாதம் தேய்க்க முடியாமல் போனால் இரண்டு கார்டும் ஒரே நேரத்தில் கவிழும். கார்டுக் கடனில் மூழ்கியவர்களின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இந்தச் சுழற்சி அடிக்கடி தென்படும்.

வட்டியில்லா இஎம்ஐயின் உள்கணக்கு

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று விற்கப்படுவதில் வட்டி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளிடம் சொன்னது இதுதான்: பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று இல்லை, அதைக் கட்டணத்துக்குள் மறைத்து விற்காதீர்கள். இப்போது நடப்பது என்னவென்றால், வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ தயாரிப்பாளரோ விலையில் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறார். வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது.

60,000 ரூபாய் போன், ஆறு மாத இஎம்ஐ, மாதம் 10,000. வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால் வங்கி உங்கள் கார்டில் எழுதும் கடன் சுமார் 57,296. மிச்சம் 2,704 வட்டி. இந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 487 ரூபாய். அதைத் தள்ளுபடி ஈடு செய்யாது. பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, 'காஸ்ட் இல்லாத' இஎம்ஐக்கு 722 ரூபாய் செலவு. இது பெரிய தொகை இல்லைதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: முழுப் பணமும் ஒரே தடவையில் கொடுத்தால் என்ன விலை? அதே கடையில் அதற்கு 3,000 ரூபாய் உடனடித் தள்ளுபடி இருந்தால், இஎம்ஐயின் உண்மையான விலை 3,722.

இஎம்ஐயாகப் போட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது, ரீஃபண்ட் வந்ததும் இஎம்ஐ தானாக நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கியில் சொல்லி அந்த இஎம்ஐயை ரத்து செய்ததை உறுதிப்படுத்துங்கள். அதுவரை கட்டிய வட்டியும் வரியும் பெரும்பாலும் திரும்ப வராது.

எங்கே உண்மையிலேயே பயன்

இவ்வளவு சொன்ன பிறகும், முழு பில்லையும் மாதந்தோறும் கட்ட முடிந்தவர்கள் கார்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. காரணம் கேஷ்பேக் அல்ல, பாதுகாப்பு. டெபிட் கார்டிலோ யுபிஐயிலோ மோசடி நடந்தால் போவது உங்கள் சேமிப்பு. கிரெடிட் கார்டில் அது வங்கியின் பணம். தகராறு முடியும்வரை உங்கள் சம்பளக் கணக்கு அப்படியே இருக்கும். இணையத்தில் வாங்கிய பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, விற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லலாம். ஆர்டர் விவரம், விற்றவருடன் நடந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், டெலிவரி ஆகவில்லை என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணைத்து, பில் வந்த உடனே கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும்.

இரண்டாவது, மருத்துவ அவசரம். காப்பீடு இருந்தாலும் கேஷ்லெஸ் அனுமதி வரும்வரை முன்பணம் கேட்பது இந்த ஊர் மருத்துவமனைகளில் வழக்கம். இரவு பதினொரு மணிக்கு ஐம்பதாயிரம் கட்டச் சொல்லும்போது கார்டு கைகொடுக்கும்.

மூன்றாவது, கடன் வரலாறு. பெங்களூரில் வீடு வாங்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நல்ல சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதற்கான மதிப்பெண்) பின்னால் வட்டியில் வித்தியாசம் செய்யும். ஸ்கோர் 300 முதல் 900 வரை. தவறாமல் கட்டுவது முதல் காரணி. லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது அடுத்தது. ஒரு லட்சம் லிமிட்டில் மாதாமாதம் 90,000 செலவழித்து முழுதாகக் கட்டினாலும், பணத் தேவையில் இருப்பவர் என்று அது காட்டும். முப்பது சதவீதத்துக்குள் வைத்திருப்பது பொதுவான அளவுகோல். பெரிய செலவு வந்த மாதத்தில் ஸ்டேட்மெண்ட் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் பில்லில் தொகை குறைவாகப் பதிவாகும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பாருங்கள், நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

வேலை இப்போதுதான் கிடைத்தது, அல்லது சொந்தத் தொழில், சம்பளச் சீட்டு இல்லை என்பவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்துக் கார்டு வாங்கலாம். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் சிறு கடை வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றது. டெபாசிட்டுக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும். லிமிட்டும் டெபாசிட்டைத் தாண்டாது. முதல் கார்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

ரிவார்டு பாயிண்ட் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பாயிண்ட் என்பது ஒரு ரூபாய் அல்ல. பல கார்டுகளில் 20 முதல் 50 காசுதான். நூறு ரூபாய் செலவுக்கு எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட் எத்தனை காசு, இரண்டையும் பெருக்கினால் கையில் வருவது தெரியும். வாடகை, பெட்ரோல், வாலெட்டில் பணம் போடுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கிடையாது. பாயிண்டை மாற்றவே 99 ரூபாயும் வரியும் வாங்கும் வங்கிகள் உண்டு. ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வைப்பதற்காகத் தேவையில்லாத பொருளை வாங்குவது சுத்தமான நஷ்டம்.

சிக்பேட், எஸ்பி ரோடு கடைகளில் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் கேட்பது சகஜம். கார்டு நிறுவனங்களின் ஒப்பந்தப்படி கடைக்காரர் அப்படிக் கேட்கக்கூடாது என்றாலும் கேட்கிறார்கள். அங்கே கார்டைத் தேய்த்தால் கேஷ்பேக் போய்க் கையிலிருந்தும் போகும். அத்தகைய இடங்களில் பேசாமல் யுபிஐயில் கொடுத்துவிடுங்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து கடை க்யூஆரை ஸ்கேன் செய்யும் வசதி 2022-இலிருந்து இருக்கிறது. வசதிதான். ஆனால் டீக்கடை, பூக்கடை, ஆட்டோ என்று எல்லாமே கடனில் போகத் தொடங்கினால் மாதக் கடைசியில் பில் எங்கிருந்து ஏறியது என்றே தெரியாது. அதற்கென்று ஒரு வரம்பை யுபிஐ செயலியிலோ கார்டின் செயலியிலோ வைத்துவிடுங்கள்.

வாடகையையும் அட்வான்ஸையும் கார்டில் போட்டுவந்தவர்களுக்கு இந்த ஊரில் குறைவில்லை. பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊர் என்பதால் ஆசை வருவது புரிகிறது. சொந்தக்காரர் ஒருவரை வீட்டு உரிமையாளர் என்று காட்டிப் பணத்தைச் சுற்றி எடுத்தவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்கான விதிகளை இறுக்கிய பிறகு பல செயலிகள் கார்டில் வாடகை கட்டும் வசதியை நிறுத்திவிட்டன. எங்காவது இருந்தாலும் செயலிக்கு ஒரு கட்டணம், வங்கிக்குப் பெரும்பாலும் ஒரு சதவீதம், இரண்டுக்கும் வரி. வாடகைக்குக் கார்டு தேவைப்படுகிறது என்றால் வாடகை சம்பளத்துக்கு மீறியது என்றுதான் பொருள்.

கார்டை அடுத்தவருக்குக் கொடுப்பது

அறை நண்பர், அலுவலக நண்பர், மச்சான் என்று யாராவது 'உன் கார்டுல ஆஃபர் இருக்கு, போட்டுக் கொடு, பணத்தை அனுப்பிடறேன்' என்பார்கள். அவர் அனுப்பாவிட்டால் கடன் உங்களுடையது. லிமிட் அடைபடுவதும் ஸ்கோர் இறங்குவதும் உங்களுக்குத்தான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்டினாலோ, ரொக்கமாக 1 லட்சம் அல்லது அதற்கு மேல் கட்டினாலோ, அந்தத் தகவல் வருமான வரித் துறைக்குப் போகும். ஆறு லட்சம் வருமானம் காட்டுகிறவர் பத்து லட்சம் பில் கட்டியிருந்தால் விளக்கம் கேட்பார்கள். நண்பர்களுக்காகத் தேய்த்தேன் என்பதற்கு வங்கிப் பரிமாற்ற ஆதாரம் இல்லாவிட்டால் சிரமம்.

திருட்டும் மோசடியும்

கார்டு கைக்கு வந்ததும் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். இணையம், கான்டாக்ட்லெஸ், ஏடிஎம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்சும் வரம்பும் உண்டு. கான்டாக்ட்லெஸ்ஸில், அதாவது கார்டை மெஷினில் தட்டிக் கட்டும்போது, 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும். அதை ஆயிரத்துக்குக் குறைத்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இப்போது நடக்கும் மோசடிகள் பெரும்பாலும் கார்டைத் திருடி நடப்பதில்லை. 'லிமிட் ஏத்தித் தரேன்', 'பாயிண்ட் இன்னைக்கு ராத்திரியோட காலாவதி', 'கார்டோட கேஒய்சி முடிஞ்சிருச்சு' என்று அழைப்பு வரும், அதுவும் நல்ல தமிழிலேயே வரும். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி நிறுவச் சொல்வார்கள். நிறுவியதும் உங்கள் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவர்கள் பக்கம் போகும். வங்கி ஒருபோதும் ஏபிகே அனுப்பாது. லிமிட்டை உங்கள் சம்மதம் இல்லாமல் உயர்த்தவே கூடாது என்பது விதி. சம்மதம் கேட்பதானாலும் அதற்கு ஓடிபியைப் போனில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து 'வங்கி' பேசினால் வைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தால் இதை அவர்களுக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் வரிசை இது: செயலியில் கார்டை முடக்குங்கள். வங்கியை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த அதுதான் வழி, அதனால் நிமிடக் கணக்கு முக்கியம். உங்கள் தவறு இல்லாமல் வெளியே நடந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்கிறது. அதன்படி நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000, அதற்கு மேல் லிமிட் என்றால் 25,000. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும்வரை நடந்த இழப்பு உங்களுடையது. புகாருக்குப் பிறகு நடப்பது வங்கியுடையது. கூச்சப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

ஏற்கெனவே பாக்கி ஏறியிருந்தால்

முதல் வேலை, அந்தக் கார்டில் புதிய செலவை நிறுத்துவது. ஸ்விக்கி, அமேசான், ஓடிடி என்று சேமித்து வைத்த இடங்களிலிருந்தெல்லாம் கார்டை நீக்குங்கள். எல்லாக் கார்டுகளின் பாக்கியையும் மாத வட்டியையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து, நாலு வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்ற வேண்டும். ஒரு லட்சம் கார்டு பாக்கிக்கு மாத வட்டி வரியோடு 4,130. அதையே ஆண்டுக்கு 14 சதவீதத் தனிநபர் கடனாக மாற்றினால் முதல் மாத வட்டி 1,167. வீட்டில் நகை இருந்து, ஆண்டுக்கு 10 சதவீதத்தில் வங்கியில் நகைக்கடன் கிடைத்தால் 833. நகையை அடகு வைக்கக் கூச்சப்பட்டுக் கார்டு வட்டி கட்டுகிறவர்களுக்கு இந்த மூன்று எண்களையும் காட்டுங்கள். வீட்டில் சொல்ல வேண்டி வரும். சொல்லுங்கள், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கடன் ஏறுகிறது.

வேறு கடன் கிடைக்காவிட்டால் அதே வங்கியிடம் பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரக் கேளுங்கள். 42-க்குப் பதில் 16, 18 சதவீதமாவது ஆகும். மாற்றிய பிறகு அந்த இஎம்ஐ ஒவ்வொரு மாத மினிமம் டியூவிலும் முழுதாகச் சேர்ந்து வரும் என்பதையும், அடைபட்ட லிமிட் தவணை கட்டக் கட்டத்தான் திரும்பும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வசூல் முகவர்கள் 'செட்டில்மெண்ட்' பேசுவார்கள், பாதி கட்டினால் போதும் என்று. பாதி கட்டியதும் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதாகக் கட்டி முடித்ததற்கான 'குளோஸ்டு' வேறு, இது வேறு. பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இந்த ஒரு சொல்லுக்காகவே திருப்பி அனுப்புவார்கள். கட்டவே வழியில்லாத நிலையில் மட்டும், அதுவும் வங்கியின் கடிதம் எழுத்தில் கைக்கு வந்த பிறகு செய்யுங்கள். முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. மிரட்டவோ உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தவோ கூடாது. அழைப்புகளைப் பதிவு செய்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்னும் புகார் இணையதளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விளக்கம் கேட்கலாம்.

கார்டை மூட முடிவெடுத்தால், மீதமுள்ள பாயிண்டை முதலில் எடுத்துவிடுங்கள், ஆட்டோ டெபிட்டில் ஓடும் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள், பாக்கியை ஒரு ரூபாய்கூட இல்லாமல் தீருங்கள். பிறகு மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 'ஆஃபர் தருகிறோம், வைத்திருங்கள்' என்று அழைத்து இழுத்தடிப்பவர்களிடம் இந்த விதியைச் சொன்னால் வேலை நடக்கும். மூடியதற்கான கடிதத்தைச் சேமித்து வைத்து, இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தக் கடிதத்தை இணைத்து சிபிலிலேயே புகார் பதியலாம். முப்பது நாளில் திருத்தாவிட்டால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.